அழக் கூடாத பிள்ளை

என் மகள் அழக் கூடாது. அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான். மற்ற பிள்ளைகள் அழுதால் பசி என்பார்கள், எறும்பு கடித்திருக்கும் என்பார்கள். பவித்ரா அழுதால் தெருவே ஓடி வரும். அழ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உதடு நீலமாகிவிடும், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும், சத்தம் நின்று வாய் மட்டும் திறந்திருக்கும். அதனால் அவள் முகம் கோணும்போதே யாராவது தூக்கிவிடுவோம். பால் குடிப்பதும் அப்படித்தான். நாலு வாய் உறிஞ்சுவாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், நெற்றி வேர்த்துவிடும். பிள்ளை பால் குடித்து வேர்க்கிறது என்றால் சும்மா இருக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எக்ஸ்ரே கவரைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போகிறது. நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிறவள். என் பிள்ளைக்குச் செய்ததையே உங்கள் பிள்ளைக்கும் செய்யச் சொல்லி யாரிடமும் அடம் பிடிக்காதீர்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டும் திரும்பி வராதீர்கள்.

பவித்ரா ஆனி மாதம் பிறந்தாள். ஆவணியில் இந்த மூச்சு வாங்கல் ஆரம்பித்தது. முதலில் சளி என்றார்கள். மருந்து கொடுத்தோம், குறையவில்லை. பிறகு நிமோனியாவாக இருக்கும் என்று ஊசி போட்டார்கள், அதற்கும் குறையவில்லை. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் முதல் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கம் முழுக்கக் கருப்பாக இருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலுக்கு வெளியே காற்று கட்டியிருக்கிறது, விலாவில் துளை போட்டு உடனே குழாய் சொருக வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

"சார், இன்னொருத்தர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்றார்.

"நீங்கதான் சார் டாக்டரு. நான் அம்மா" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேயை எடுத்துக் கவருக்குள் போட்டேன். என் வீட்டுக்காரர் மாரிச்சாமி என் சேலையைப் பிடித்து இழுத்தார். அவர் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. நான் பேசியதைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பயத்தில் வந்த பேச்சு.

விருதுநகரில் குழந்தைகள் டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் அருகில் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் கருப்புக்குள் மெல்லிசாக நூல் நூலாகக் கோடுகள் தெரிந்தன. "இது ரத்தக்குழாய்ம்மா. காத்து நுரையீரலுக்கு வெளிய இருந்தா இந்தக் கோடு தெரியாது. இங்க நுரையீரலே ஊதிப்போயி நிக்குது. இதுல குழாயச் சொருகினா நுரையீரலைத்தான் குத்தும்." அன்றைக்கே மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மூச்சுக்குக் கொஞ்சம் ஆக்ஸிஜன் தேவைப்படலாம் என்று ஆம்புலன்சும் அவரே சொல்லிவிட்டார். பஸ்ஸில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை, யோசிக்கவும் மாட்டேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை அசையக் கூடாது என்று தூக்கத்துக்கு மருந்து கொடுத்து, ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்தார்கள். அப்புறம் நெஞ்சு ஆபரேஷன் செய்கிற டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பொறுமையான மனிதர், கேட்டதையே திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரியே எழுதுகிறேன்.

நமக்கு வலது பக்க நுரையீரல் மூன்று மடலாகவும் இடது பக்கம் இரண்டு மடலாகவும் இருக்கும். பவித்ராவுக்கு இடது மேல் மடல் கெட்டுவிட்டது. அந்த மடலுக்குப் போகிற மூச்சுக்குழாயின் சுவரில் இருக்க வேண்டிய குருத்தெலும்பு, வயிற்றில் இருக்கும்போதே சரியாக வளரவில்லை. மூச்சை இழுக்கும்போது குழாய் திறக்கும், விடும்போது மடிந்து அடைத்துக்கொள்ளும். சைக்கிள் ட்யூப் வால்வு மாதிரி, போன காற்று திரும்பாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த மடல் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டே போய், நல்லாயிருக்கிற கீழ் மடலை நசுக்கி, இதயத்தையும் வலது பக்கம் தள்ளிவிட்டது. அழுதால் மூச்சை வேகமாக இழுப்பாள், அப்போது இன்னும் ஊதும். நீலமாவது அதனால்தான். இதற்கு லோபார் எம்பிசீமா என்று பேர். நான் அந்தப் பேரை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். நம்மை அடிக்கிறவன் பேராவது நமக்குத் தெரிய வேண்டாமா.

"என்னென்ன வழி இருக்கு சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வழி இருக்கும்மா. சில பிள்ளைகளுக்கு இதே கோளாறு லேசா இருக்கும். மூச்சு வாங்காது, நல்லா பால் குடிக்கும், எடை ஏறும். அந்தப் பிள்ளைகளுக்குக் கத்தியே வேண்டாம். அப்பப்ப படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம், வளர வளரத் தானா சமாளிச்சுக்கும். காத்திருக்கிறதும் ஒரு வைத்தியந்தான். ஆனா உங்க பிள்ளைக்கு அது ஆகாது. அந்த மடலை எடுத்துரணும்."

"எடுத்துட்டா அந்த இடம் காலியா இருக்குமா?"

"கைக்குழந்தைக்கு நுரையீரல் இன்னும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு. மிச்சம் இருக்கிற மடல் வளர்ந்து இடத்தை நிரப்பிரும்."

ஆபத்து இல்லையா என்றும் கேட்டேன். இருக்கிறது என்றார், ஒளிக்கவில்லை. மயக்கம் கொடுக்கும்போதுதான் கண்டம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் ஊதிய மடல் இன்னும் ஊதும், அதனால் நெஞ்சைத் திறக்கும்வரை பிள்ளையைத் தானாகவே மூச்சு விட வைக்க வேண்டும், அதில் கைதேர்ந்த டாக்டர் வருவார் என்றார். நாளை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி எழுந்தார்.

அங்கேதான் வந்தது வினை.

என் வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா கிடையாது. அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினியைத் தாண்டி எங்கள் வீட்டில் ஒரு துரும்பு அசையாது. எனக்கு அவரைப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் எனக்குச் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த மதினி, ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியை நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"மாரி, நான் சொல்றதக் கேளுலே. சாமிக்கு முடி எறக்காத பிள்ள மேல கத்தி படக் கூடாது. நம்ம வம்சத்துலயே கிடையாது. மாசி வரைக்கும் பொறுத்தா என்ன?"

எங்கள் குலசாமி கோயில் காரியாபட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. மாசிச் சிவராத்திரிக்குத்தான் பங்காளிகள் எல்லாரும் கூடுவோம். பிள்ளைகளுக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் அன்றைக்குத்தான். அதுவரை பிள்ளை தலையில் கத்தரிக்கோல்கூடப் படாது. இதில் எனக்கும் மறுப்பில்லை, நானும் அதே சாமியைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அப்போது நடந்துகொண்டிருந்தது புரட்டாசி.

"மாசி வரைக்கும் நாம பொறுப்போம் மதினி. அவ மூச்சு பொறுக்குமா?" என்றேன்.

"பொட்டப் பிள்ள வேற. நெஞ்சுல தையலோட நின்னா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"கட்ட ஒருத்தன் வாரதுக்கு முதல்ல பிள்ள இருக்கணும்ல."

மதினி அடுத்ததற்குப் போய்விட்டார். "வயித்துப் பிள்ளையோட கம்பெனிக்குப் போகாதன்னு அன்னைக்கே சொன்னேன். மருந்து நெடி சும்மா விடுமா?"

இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. எங்கள் பக்கம் யாருக்கு இருமல் வந்தாலும் பட்டாசு மருந்தைத்தான் சொல்வார்கள், பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். அதனால் இதையும் டாக்டரிடம் நேராகவே கேட்டிருந்தேன். "நீங்க வேலைக்குப் போனதால வந்ததில்லம்மா. கரு உண்டான கொஞ்ச காலத்துல நடக்கிற கோளாறு. பாதிப் பேருக்கு ஏன் வந்துச்சுன்னு எங்களுக்கே தெரியாது" என்றார். மதினியிடம் அதைச் சொன்னேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. நானும் ஆயிரம் பேருக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். தலைகுனிய மட்டும் தயாராக இல்லை.

எனக்கு ஆத்திரம் மதினி மேல் இல்லை, மாரிச்சாமி மேல்தான். மனிதர் வாயே திறக்கவில்லை. கையெழுத்துக் கேட்டு நர்ஸ் வந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். அவருக்கு வேலை கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கிற அறையில். அலுமினியப் பொடி நகக்கண்ணிலும் காதோரத்திலும் ஏறி மினுமினுக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் அவளைத் தொட்டே நான் பார்க்கவில்லை. வார்டிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு எட்டியே நிற்பார். சுத்தத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் அவரை மாடிப்படியில் பிடித்து உட்கார வைத்தேன். "ஏங்க, உங்களுக்கு என்னதான் மனசுல?"

கையை விரித்துக் காட்டினார். "இந்தப் பொடிய வீட்டுக்குக் கொண்டாந்தது நான்தானே செல்வி. நீ மாசமா இருக்கும்போது என் சட்டையத் துவைச்ச. என் கையாலதான் பிள்ளைக்கு வந்துச்சு. அதே கையால கத்திய வைங்கன்னு கையெழுத்துப் போடச் சொல்றியே."

அழுதுவிட்டேன். டாக்டர் சொன்னதை மதினிக்குச் சொன்னேன், தெருவுக்கே சொல்லத் தயாராக இருந்தேன், பக்கத்திலேயே இருந்த மனிதருக்கு அது காதில் ஏறியதா என்று பார்க்கவில்லை. மடலையும் குருத்தெலும்பையும் திரும்பவும் ஒருமுறை விளக்கினேன். "டாக்டர் சொல்லிட்டாரு, உங்க கை இல்ல, என் கை இல்ல, யார் கையும் இல்ல" என்றேன். தலையை ஆட்டினார். ஆனாலும், "அக்கா சொல்றதும் இருக்குல்ல. சாமி குத்தம் ஆயிட்டா?" என்றார். அது போனால் இது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வார்டுக்குத் திரும்பினால் அங்கே பெரிய சண்டை. பவித்ராவுக்குக் கையிலும் காலிலும் குத்திக் குத்தி நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டன. ட்ரிப்ஸ் ஊசியைத் தலை நரம்பில்தான் போட வேண்டும், அதற்கு முன் நெற்றிக்கு மேலே கொஞ்சம் முடியை எடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்வதுதான். சிஸ்டர் கிரேஸ் என்று திருமங்கலத்துப் பெண், கையில் ரேசரோடு நிற்கிறார். மதினி பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நிற்கிறார்.

"கையை எடுங்கம்மா, நேரமாவுது" என்கிறார் சிஸ்டர்.

"மொத முடி சாமிக்குத்தான். என்னைய வெட்டிட்டு எடு" என்கிறார் மதினி.

என் தம்பி ராசு அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தான். ஆலங்குளத்தில் சிமெண்ட் லோடு ஏற்றுகிற லாரிக்கு டிரைவர். சட்டையெல்லாம் சிமெண்ட் பொடியோடு கதவோரம் முழித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்த உடனே எனக்கு ஒன்று பட்டது. முதல் மொட்டை தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் போடுவோம். மாமன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது, கத்தி இருக்கிறது. மிச்சம் சாமிதான், அது ஆஸ்பத்திரிக்குள் வராது என்று யார் சொன்னது?

"சிஸ்டர், ஓரத்துல மட்டும் எதுக்கு? முழுசாவே எறக்கிருங்க" என்றேன்.

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. மதினி, "ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா?" என்றார்.

"கத்தி படுறதுக்கு முன்னால முடி எறக்கணும்னுதானே சொல்றீக? எறக்கிருவோம். ராசு, போயி கை கால் கழுவிட்டு சட்டையக் கழத்திட்டு வா."

சிஸ்டர் கிரேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "நான் ஊசிக்கு எடுக்கிறதோட சரி. மொட்டையெல்லாம் எனக்கு வராது. ஆபரேசனுக்கு முன்னாடி ஆம்பளைகளுக்கு முடி எடுக்க ஒரு அண்ணன் வருவாரு, கூட்டியாரச் சொல்றேன். ஆனா பிள்ளைய அழ விடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அந்த அண்ணன் வந்தார். புது பிளேடு மாற்றினார். ராசு குளித்துவிட்டு, சிஸ்டர் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தான். பிள்ளையை அவன் மடியில் வைத்தேன், ஆக்ஸிஜன் குழாய் மூக்கிலேயே இருந்தது. முடி எடுக்க வந்த அண்ணன், "கோயில் எந்தத் திசைம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மாரிச்சாமி ஒரு பக்கம் காட்டினார், ராசு இன்னொரு பக்கம் காட்டினான். மதினி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கடைசியில் சிஸ்டர்தான் மருந்து அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "காரியாபட்டிதான? அந்தப் பக்கந்தான் தெக்கு. நானும் தினமும் தெக்கப் போற பஸ்ஸத்தான் பிடிக்கேன்."

மருந்து அலமாரியைப் பார்த்து மாமனும் மருமகளும் உட்கார்ந்தார்கள். அந்த அண்ணன் வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளையின் தலையை நனைத்தார். பவித்ரா முகத்தைக் கோணினாள். எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அப்போது திடீரென்று மதினி திரும்பினார். பிள்ளைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாக்கை மடித்து டக் டக்கென்று குதிரைச் சத்தம் போட ஆரம்பித்தார். மொட்டை முடிகிறவரை நிறுத்தவே இல்லை. பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை.

விழுந்த முடியை மதினியே தன் முந்தானையில் ஏந்திக்கொண்டார். சந்தனம் பூச வேண்டும் என்றார். தலையில் பூசினால் கிருமி சேரும் என்று சிஸ்டர் மறுத்துவிட்டார். பெரிய பேரம் நடந்து, கடைசியில் குதிகாலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மாரிச்சாமி சிஸ்டரிடம் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்றைக்கு அந்த வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதச் சொன்னால் என்னால் முடியாது. உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். கம்பெனியில் என்னோடு பெட்டி அடுக்குகிற பெண்கள் சீசன் நேரத்தில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வேன் பிடித்து வந்திருந்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். எலுமிச்சம்பழச் சோற்றை எல்லோர் கையிலும் உருட்டி வைத்தார்கள், தின்றோம். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, மடலை எடுத்தாயிற்று, கீழ் மடல் கண் முன்னாலேயே விரிந்துகொடுத்தது என்றார். மதினி அவர் காலில் விழப்போனார். அவர் விலகிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பயம் விடவில்லை. இப்போது பிள்ளையின் விலாவில் நிஜமாகவே ஒரு குழாய். ஆபரேஷன் செய்த இடத்தில் சேருகிற காற்றும் நீரும் வெளியேறுவதற்காக அது, தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலுக்குள் போகும். பாட்டிலில் குமிழி வந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். வரவர குமிழி குறைய வேண்டும். நாங்கள் மூவரும் மாற்றி மாற்றி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி நின்றது, குழாயை எடுத்தார்கள். பவித்ரா ஒருநாள் பாலை நிறுத்தாமல் குடித்து முடித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வேர்வை இல்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் வந்தவர் போனவர் எல்லாம் சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்தார்கள். ஒரு அம்மா மூடச் சொன்னார். "எதுக்கு மூடணும்? திருட்டுப் பொருளா?" என்று கேட்டேன். அப்புறம் அவர் வரவில்லை.

மாசி வந்தது. கோயிலில் பங்காளிகள் கூட்டம். பவித்ரா தலையில் முடி மறுபடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. ஒரு பெரியவர், "பிள்ளைக்கு இன்னும் முடி எறக்கலையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் மதினி முந்திக்கொண்டார். "எல்லாம் எறக்கியாச்சு. தாய்மாமன் மடியில உக்கார வச்சு, தெக்குப் பாத்து எறக்கியாச்சு. சந்தேகம்னா இந்தா இருக்கு" என்று அன்றைய முடியைக் கட்டி வைத்திருந்த மஞ்சள் துணி முடிச்சைச் சாமி காலடியில் வைத்தார். அதற்கு மேல் மதினியிடம் யார் கேட்பது?

அடுத்து காதுகுத்து. ராசு இந்தத் தடவை புது வேட்டியில் உட்கார்ந்தான். ஆசாரி பவித்ராவின் இடது காதைப் பிடித்துக் கம்பியை ஒரே குத்தாகக் குத்தினார். அவள் ஒரு நொடி வாயைத் திறந்து அப்படியே இருந்தாள். பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அவளிடம் கேட்டதே இல்லை. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாரிச்சாமி பதறி எழுந்தார். மதினி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, "அய்யோ, அழ விடாதீக, தூக்குங்க" என்று ஓடி வந்து, பாதியில் நாக்கை மடித்துக் குதிரைச் சத்தமும் போட ஆரம்பித்துவிட்டார்.

நான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உதட்டப் பாருங்க மதினி" என்றேன்.

பார்த்தார். மாரிச்சாமியும் குனிந்து பார்த்தார். பிள்ளை மூச்சை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தாள், உதடு சிவப்பாகவே இருந்தது. மதினி சத்தத்தை நிறுத்திவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "கொஞ்சம் அழுகை அமரட்டுமாம்மா?"

"வேண்டாம்ணே. அவ அழட்டும். நீங்க அடுத்த காதையும் குத்துங்க" என்றேன்.